முத்துலட்சுமி ரெட்டி: சட்டசபையில் மூணு சொச்சம் வருஷம்

எங்க அக்கா பொண்ணுக்குக் குழந்தை பிறந்த சமயம். ஆரம்ப சுகாதார நிலையத்துல ஃபாரம் நிரப்பிக்கிட்டு இருந்தோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். 2018-லிருந்து 18,000 ரூபாயாச்சே, அதே திட்டம்தான். பக்கத்து பெஞ்சுல இருந்த பாட்டி, "இந்த முத்துலெச்சுமி அம்மா எந்தக் கட்சி, தம்பி? இன்னும் இருக்காகளா?"ன்னு கேட்டாங்க. நான் பெரிய மேதாவி மாதிரி, "அவங்க டாக்டர் பாட்டி, இந்தியாவோட முதல் லேடி டாக்டர்"னு சொல்லிட்டேன்.

வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தா, சொன்னது தப்பு. கல்கத்தாவில் காதம்பினி கங்குலி 1886-லேயே டாக்டராகிவிட்டார். முத்துலட்சுமி பிறந்ததே அந்த வருஷம்தான். அவர் படித்த சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே 1870-களில் மேரி ஷார்லிப் முதலான பெண்கள் படித்து முடித்திருக்கிறார்கள். ஆக 'முதல் பெண் டாக்டர்' பட்டம் சரியில்லை. "எந்தக் கட்சி"ன்னு கேட்ட பாட்டிதான் சரியான கேள்வி கேட்டிருக்காங்க! அந்த அம்மா எம்.எல்.சி.யா இருந்தவர். சட்டசபையில் அவர் செய்த காரியம் டாக்டர் பட்டத்தைவிடப் பெருசுன்னு எனக்குத் தோணுது. அதனால இந்தப் பதிவு.

முதல்ல கொஞ்சம் குடும்பக் கதை. இது இல்லாம பின்னாடி வர்றது புரியாது.

1886 ஜூலை 30, புதுக்கோட்டை. அப்போ அது தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த இசைவேளாளர் குடும்பம். அந்தக் கல்யாணத்தால் அப்பாவை அவர் உறவுக்காரர்கள் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். (சினிமா ரசிகர்களுக்கு ஒரு கொசுறு: ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை. அதே நாராயணசாமி ஐயரின் மூத்த தாரத்து வழிப் பேரன்தான் ஜெமினி.)

பெண்பிள்ளையை ஆண்கள் கல்லூரியில் சேர்க்கக் கூடாதுன்னு புதுக்கோட்டையில் எதிர்ப்பு. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ராஜா, சேர்த்துக்கோன்னு சொல்லிட்டார். அங்கே படித்து, 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு கல்யாணம். பெயருக்குப் பின்னால் ரெட்டி வந்தது அப்படித்தான். என் அதிகாரத்தில் தலையிடக் கூடாது, சமமாக நடத்தணும்னு நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தாராம். 1914-ல! நம்ம ஆட்கள் பல பேர் இன்னும் அந்த நிபந்தனைக்குத் தயாரில்லை :-)

சரி, சட்டசபைக்குப் போவோம்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு 1921-ல் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் நாமதான் முதல். எல்லாப் பெண்களுக்கும்னு நினைச்சுடாதீங்க. சொத்து, வரி என்று தகுதி பார்த்துத்தான் ஓட்டு, ஆண்களுக்கும் அப்படித்தான். ஆனா பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்ற விதி 1926-ல்தான் வந்தது. அந்தத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் மங்களூர்ப் பக்கம் நின்று, மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். ஒரு பெண்கூட ஜெயிக்கவில்லை. அடையாறில் 1917-ல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம், நியமன உறுப்பினராகவாவது ஒரு பெண்ணைப் போடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டது. அவர்கள் சொன்ன பெயர் முத்துலட்சுமி. அவர் முதலில் தயங்கினார். கையில் நல்ல ப்ராக்டிஸ், வீட்டில் இரண்டு பையன்கள். அப்புறம் ஒத்துக்கொண்டார்.

1927-ல் உள்ளே போனதும் சபையின் துணைத் தலைவராக அவரை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்த சபையில் ஒரே ஒரு பெண், அவரும் துணைத் தலைவர். 'இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்'னு எழுதுறவங்க 'பிரிட்டிஷ் இந்தியாவின்'னு ஒரு வார்த்தை சேர்த்துக்கணும். ஏன்னா திருவிதாங்கூரில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1922-லேயே சபையில் இருந்தார். அவரும் டாக்டர்தான், பாருங்க.

உள்ளே போய் என்னென்ன கேட்டார்? குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை. பெண் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு. 1928-ல் பெண்ணின் திருமண வயதை 16 ஆகவும் பையன் வயதை 21 ஆகவும் உயர்த்தச் சொல்லி ஒரு தீர்மானம். அடுத்த வருஷம் டெல்லியில் வந்த சாரதா சட்டம் 14-லேயே நின்றுவிட்டது, அது வேற கதை. விபசார விடுதிகளை ஒடுக்கும் 1930-ம் வருஷத்து மாகாணச் சட்டத்திலும் இவர் உழைப்பு உண்டு. இதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதிவு போடலாம். ஆனா நான் சொல்ல வந்தது தேவதாசிச் சட்டம்.

"நீங்க வேண்டாம்னா நாங்க இருந்துட்டோம், இனிமே உங்க வீட்டுப் பொண்ணுங்க இருக்கட்டும்"ங்கிற ரீதியில் சத்தியமூர்த்திக்கு அவர் பதிலடி கொடுத்ததா ஒரு வசனம் வருஷா வருஷம் சுத்தும். முன்னாடி ஃபார்வர்ட் மெயில்ல வந்தது, இப்போ வாட்ஸப்புல வருது. கைதட்டல் வாங்குற வசனம்தான். ஆனா அதைவிட சுவாரசியமான சமாச்சாரம் சட்டத்துக்குள்ளேயே இருக்கு. அது நிலம். ஆமா, நிலம். வயக்காடு.

கோயில் தாசிக்கு மாசச் சம்பளம்னு பெரும்பாலும் கிடையாது. கோயிலுக்குச் சொந்தமான நிலத்தில் கொஞ்சத்தை, அல்லது ஒரு நிலத்தின் தீர்வை வருமானத்தை, இனாமாக விட்டிருப்பார்கள். மானியம்னு நம்ம ஊர்ல சொல்றது. கும்பாரத்தி எடுக்கணும், சாமி புறப்பாட்டில் ஆடணும், பாடணும். அந்த ஊழியம் செய்கிற வரைக்கும் நிலத்தை அனுபவிக்கலாம். நிறுத்தினா நிலம் கோயிலுக்கே திரும்பிப் போயிடும்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. அந்த அம்மாவுக்கு வயசாகிறது. அடுத்து யார் ஊழியம் செய்வது? மகளுக்குப் பொட்டு கட்டணும். மகள் இல்லையா, ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்துப் பொட்டு கட்டணும். இல்லாட்டி வீட்டுச் சோறு போயிடும். 'ஏன் பெத்த பிள்ளையை இப்படிப் பண்றாங்க'ன்னு மேடையில் நின்று ஒழுக்கம் பேசுறவங்க கேட்டுக்கிட்டே இருந்த கேள்விக்கு பதில், கோயில் நிலக் கணக்குல இருந்தது.

அதுக்கு முன்னாடி சட்டமே இல்லைன்னு இல்லை. சிறுமிகளை விபசாரத்துக்குக் கொடுப்பது இந்திய தண்டனைச் சட்டத்தில் 372, 373 பிரிவுகளின்படி குற்றம். 1924-ல் அந்த வயது வரம்பை 16-லிருந்து 18 ஆக்கினார்கள். மைசூர் சமஸ்தானம் 1909-லேயே கோயில்களில் தேவதாசி ஊழியத்தை நிறுத்தியது. ஆனா இங்கே நிலமும் பொட்டும் ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டு இருக்கிற வரைக்கும், போலீஸை வெச்சு என்ன செய்ய முடியும்? சாட்சி சொல்ல யார் வருவாங்க?

முத்துலட்சுமி 1927 நவம்பரில் முதலில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசாங்கம் சட்டம் செய்யட்டும் என்று. சபை ஏற்றுக்கொண்டது. அப்புறம் அரசாங்கத்தையே நம்பி உட்கார்ந்திருக்காமல் தானே மசோதா கொண்டுவந்தார். புத்தம்புதிய சட்டம் இல்லை. அப்போதான் வந்திருந்த இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு சின்னத் திருத்தம், அவ்வளவுதான். 1929-ல் நிறைவேறியது. அந்த வருஷத்து ஐந்தாம் எண் சட்டம், அதில் 44-ஏ என்று ஒரு புதுப் பிரிவு.

அந்தப் பிரிவு பொட்டு கட்டுவதைத் தடை செய்யவே இல்லை! யாரையும் ஜெயிலுக்கு அனுப்பவில்லை. அது சொன்னதைச் சுருக்கமாச் சொன்னா: தாசி அனுபவிக்கிற இனாம் நிலத்தை ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவிக்கணும். ஒரு தீர்வையை விதித்துவிட்டு நிலத்தை அவர் பேரிலேயே விட்டுவிடணும். இனி கோயிலில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் நிலம் போகாது. மகளுக்குப் பொட்டு கட்டாவிட்டாலும் போகாது.

முடிச்சு அவிழ்ந்தது.

நான் ஒண்ணும் வக்கீல் இல்லீங்க. தாலுகா ஆபீஸ்ல ஒரு பட்டா மாற்றத்துக்கு நடையா நடந்தவன், அவ்வளவுதான். அந்த அனுபவத்துல சொல்றேன், இதைக் கண்டுபிடிச்சது ரொம்பக் கூர்மையான மூளை. எதிர்த்துப் பேச வந்தவங்களுக்கும் சங்கடம். கோயில் கலை அழியும், பழக்கவழக்கத்தில் சர்க்கார் தலையிடக் கூடாதுன்னு பேசலாம். ஆனா 'அந்தப் பொம்பளைகிட்டேருந்து நிலத்தைப் பிடுங்கு'ன்னு வெளிப்படையா எப்படிப் பேசுறது?

எதிர்ப்பு நல்லாவே இருந்தது. சபையில் எதிர்த்துப் பேசியவர்களில் பெரிய பெயர், காங்கிரஸின் சத்தியமூர்த்தி. நல்ல பேச்சாளர், சங்கீதம் நாடகம் இரண்டிலும் உயிரையே வைத்திருந்தவர். அவருக்கு இது கலையை ஒழிக்கிற முயற்சியாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் பெரியாரின் குடி அரசு மசோதாவை ஆதரித்து எழுதியது. தேவதாசி வாழ்க்கையை உள்ளே இருந்தே பார்த்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பொட்டுக்கட்டுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தார்.

இதுவரைக்கும் வில்லன், ஹீரோயின் கதை மாதிரி போகுது இல்லையா? இனிமேதான் சிக்கல்.

தேவதாசிகளே எதிர்த்தார்கள். சங்கம் வைத்து, அரசாங்கத்துக்கு மனு எழுதி எதிர்த்தார்கள். முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர் பெங்களூர் நாகரத்னம்மாள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொந்தக் காசைப் போட்டுக் கோயில் எழுப்பினாரே, அதே அம்மாள். 'எங்களையும் விபசாரிகளையும் ஒண்ணா எண்ணாதீங்க. எங்களுக்குப் படிப்பு இருக்கு, சங்கீதம் இருக்கு, கோயிலில் மரியாதை இருக்கு. குறை இருந்தா எங்களுக்குக் கல்வி கொடுத்துச் சரி பண்ணுங்க. எங்களைக் கேட்காம எங்க தலைவிதியை எழுதாதீங்க' என்பதுதான் அவர்கள் தரப்பு வாதத்தின் சாரம்.

இதை 'பிழைப்பு போயிடுமேன்னு பயந்தாங்க'ன்னு ஒதுக்கிட முடியாது. அந்தக் காலத்தில் மற்ற சாதி இந்துப் பெண்களுக்கு இல்லாத சில உரிமைகள் தாசிக் குடும்பத்தில் இருந்தன. சொத்து பெண் வழியில் போனது. பெண், பெண்ணைத் தத்தெடுக்கலாம், சென்னை நீதிமன்றங்களும் அந்த வழக்கத்தை ஏற்றிருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் அங்கேதான் அதிகம். அதையெல்லாம் விட்டுட்டு எங்கே போவது? கல்யாணமா? யார் கட்டிக்குவாங்க?

முத்துலட்சுமி அந்தப் பக்கம் அசையவே இல்லை. தேவதாசி முறையைப் பற்றி அவர் எழுதியதிலும் பேசியதிலும் விட்டுக்கொடுக்கிற தொனியே கிடையாது. 1932-ல் பொப்பிலி ராஜாவுக்குப் பாராட்டு நடந்தபோது அதில் தாசி ஆட்டம் வைத்ததைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார். வக்கீல் ஈ.கிருஷ்ண ஐயர் பதில் எழுதினார். கலையைக் காப்பாத்தணும், அது பிறந்த வீட்டுக்காக அதை வெட்டக் கூடாது என்று. வாரக்கணக்கில் நடந்தது அந்தச் சண்டை. கொஞ்ச வருஷத்தில் அதே சதிர் ஆட்டம் 'பரதநாட்டியம்' என்ற பெயரில் மயிலாப்பூர் வீட்டுப் பெண்களின் அரங்கேற்றமாக மாறியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் மேடையை விட்டு இறங்க, ஆடாமல் இருந்தவர்கள் ஏறினார்கள். இதற்கு முத்துலட்சுமி மட்டும் பொறுப்பு இல்லை. ஆனா அவருக்கு இதில் பங்கே இல்லைன்னும் சொல்ல மாட்டேன்.

அவர் ஏன் அப்படி விடாப்பிடியா இருந்தார்? இது என் சொந்தக் கருத்து, கல்லெறியாதீங்க. சத்தியமூர்த்திக்கு அது கலை. நாகரத்னம்மாளுக்கு அது தான் ஜெயித்துக் காட்டிய வாழ்க்கை. முத்துலட்சுமிக்கு அது அம்மா வீடு. புதுக்கோட்டையில் தன் அம்மா யார் என்பதற்காகத் தன்னை எப்படிப் பார்த்தார்கள் என்று பார்த்தே வளர்ந்தவர். டாக்டரான பிறகு அந்தச் சிறுமிகளின் உடம்பு படுகிற பாட்டையும் பார்த்தவர். நாகரத்னம்மாள் மாதிரி பேரும் புகழும் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? மற்றவர்கள்? அந்த மற்றவர்களைத்தான் அவர் கணக்கில் எடுத்தார். என்னைக் கேட்டா, மசோதாவில் அவர் பக்கம்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். ஆனா நாகரத்னம்மாளைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசியிருக்கலாமேங்கிற ஆதங்கம் போகலை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. நிலம் இருந்தவர்களுக்குத்தான் 44-ஏ உதவியது. நிலமே இல்லாமல் கோயில் பட்டைச் சோற்றிலும் கல்யாணக் கச்சேரியிலும் பிழைத்தவர்களுக்கு அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை. ஊரார் பார்வை மாறி கச்சேரி வாய்ப்பு நின்றபோது, அவர்கள் நின்றது நடுத்தெருவில்.

அது ஒரு ராத்திரி முத்துலட்சுமி வீட்டுக் கதவையே தட்டியது. கோயில் வாழ்க்கை வேண்டாம் என்று வந்த இளம்பெண்கள் மூன்று பேர். தங்க வைக்கலாம்னு விடுதிகளில் கேட்டார். தேவதாசிப் பெண்களா, முடியாது என்றுவிட்டார்கள். சட்டசபையில் ஆதரித்துக் கையைத் தூக்கின சமூகம், ஹாஸ்டல்ல ஒரு பாய் போட இடம் கொடுக்கலை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930-31 வாக்கில் அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பிற்பாடு அடையாறுக்குப் போனது.

இப்போ அந்த ராஜினாமா விஷயம். என்னை ரொம்ப நாள் உறுத்தினது இதுதான்.

44-ஏ முதல் படி. இரண்டாவது படியாகப் பொட்டு கட்டுவதையே தடை செய்யும் தனி மசோதாவை 1930 ஜனவரியில் சபையில் வைத்தார். அது பொதுமக்கள் கருத்துக்காகச் சுற்றுக்குப் போயிருந்தது. அந்த சமயம் பார்த்து உப்பு சத்தியாக்கிரகம். மே மாசம் காந்தியைக் கைது செய்தார்கள். முத்துலட்சுமி பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

இத்தனைக்கும் அவர் ஜெயிலுக்குப் போகிற ரகமான காங்கிரஸ்காரர் இல்லை. சைமன் கமிஷனை நாடே புறக்கணித்தபோது, அதன் துணைக் குழுவான ஹார்ட்டாக் கல்விக் குழுவில் உறுப்பினராக உட்கார்ந்தவர். பெண் கல்விக்கு எதாவது கிடைக்கும்னா எந்த மேஜையிலும் உட்காருவேன் என்கிற ஆள். அப்படிப்பட்டவர் காந்தி கைதானதும் நாற்காலியை உதறிவிட்டார். அவர் போனதும் மசோதாவைத் தூக்கிச் சுமக்க சபையில் ஆள் இல்லை. அது அப்படியே போய்விட்டது. அந்த வருஷமே தன் சட்டமன்ற அனுபவங்களைப் புத்தகமாகப் போட்டார். கணக்கை முடித்து ஒப்படைக்கிற மாதிரி.

பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் கடைசியில் 1947-ல்தான் வந்தது. ஓமந்தூரார் முதலமைச்சர். சட்டசபையில் முத்துலட்சுமி இல்லை, வயது 61.

நடுவில் போனது பதினேழு வருஷம். அந்தப் பதினேழு வருஷத்தில் எத்தனை பெண் குழந்தைகளுக்குப் பொட்டு கட்டியிருப்பாங்க? ராஜினாமா பண்ணாம இருந்திருந்தா? இதை என் நண்பர்கிட்ட கேட்டேன். அவர் சொன்னார், "நீ மசோதாவைப் பார்க்கிறே, அவங்க அன்னிக்கு நாட்டைப் பார்த்தாங்க." நான் சொன்னேன், "அந்தப் பொண்ணுங்களும் நாடுதானே?" ரெண்டு டீ ஆறிப்போனதுதான் மிச்சம். உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 1923-ல் தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர், அதற்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்று முப்பது வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் 12 படுக்கைகளோடு திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் இறக்கிற வரைக்கும் அங்கேயே இருந்தார். 1956-ல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண். 1968 ஜூலை 22-ல் காலமானார்.

நாகரத்னம்மாள் அதுக்கு முன்பே, 1952-ல் போய்விட்டார். அவர் சமாதி திருவையாற்றில், தியாகராஜர் சந்நிதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆராதனைக்குப் போறவங்க பார்த்திருப்பீங்க.

அடுத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பற்றி எழுதணும். அவர் 1936-ல் எழுதிய 'தாசிகளின் மோசவலை' நாவல் இப்போ கையில் இருக்கு, பாதி தாண்டிட்டேன். முடிச்சதும் பதிவு வரும். அந்த சுகாதார நிலையப் பாட்டியைத் திரும்பப் பார்த்தா தப்பைத் திருத்திச் சொல்லணும். அவங்க கேட்ட கேள்விக்கு பதில்: எந்தக் கட்சியும் இல்லை பாட்டி, நியமன உறுப்பினர்.